கட்டில் திரும்பாத வாசல்

என் மச்சான் சேக் மைதீன் என்று சொன்னால் மதுரையில் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டில் வாத்தியார் என்று சொல்லிப் பாருங்கள். யானைக்கல் பக்கம் ஆற்றில் துணி வெளுப்பவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே கையைக் காட்டுவார்கள். அந்தப் பெயரை ஊரில் பரப்பியவன் நான்தான். அதனால் அவர் கதையைச் சொல்கிற வேலையும் என் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

நான் நாகூர் கனி. பழைய ஊருக்குள் கதவு, ஜன்னல் செய்து விற்கிற மரக்கடைக்காரன். கோபக்காரன் என்று பெயர். அது ஒன்றும் பொய்யில்லை. சேக் மைதீன் என் அக்கா அஜ்மல் பீவியைக் கட்டியவர். தகர வேலைக்காரர் மகன். படம் போடுகிற கை இருந்ததால் யாரோ ஒரு புண்ணியவான் அவரைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். திரும்பி வந்து இங்கே ஒரு தொழிற்பள்ளியில் கட்டட டிராயிங் மாஸ்டர் ஆனார். பகலெல்லாம் வேலை பார்த்த கொத்தனார்களும் ஆசாரிகளும் சாயங்காலம் வந்து படிக்கிற வகுப்பு. மீசை நரைத்தவர்கள்கூட அங்கே பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

1925இல் என் தகப்பனார், எங்கள் பேச்சில் அத்தா, பாதுஷா ராவுத்தர் எங்கள் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார். மாப்பிள்ளை படித்தவர், பிளான் அவர் பொறுப்பு. எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா. தெருக்கதவு திறந்திருந்தாலும் உள்ளே இருக்கிறவர்கள் தெருவுக்குத் தெரியக்கூடாது. அதற்காகக் கதவுக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு மேல், ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினோம். உள்ளே வருகிறவர் கதவைத் தாண்டியதும் சட்டென்று இடப்பக்கம் திரும்பி, அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் கூடத்துக்குள் போக முடியும். எங்கள் வீட்டில் அது கதவை ஒட்டியே நின்றது. “ராவுத்தரே, ஒரு கண்ணு உள்ள போகாது!” என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அத்தாவுக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா இரண்டாவது முறை உண்டானாள். மூத்தது சாதிகா, அப்போது மூன்று வயது. ஒரு நாள் மதிய லுஹர் தொழுகைக்கு முன்னால் வலி வந்தது. மருத்துவச்சி உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் ரத்தமாக வெளியே வந்தாள். “உதிரம் நிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. மடக்காம, அசக்காம, கட்டிலோட தூக்குங்க” என்றாள். குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. நானும் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலைத் தூக்கினோம். கூடத்தைத் தாண்டினோம். மறைப்புச் சுவரைச் சுற்றினோம். கதவுக்கு நேராகத் திருப்ப வேண்டிய இடத்தில் கட்டில் நின்றுவிட்டது.

தலைமாடு ஒரு சுவரில் இடித்தது; கால்மாடு இன்னொரு சுவரில் இடித்தது. பின்னால் இழுத்து மறுபடி நுழைத்தோம். சாய்த்துப் பார்த்தோம். அக்கா, “அல்லா, அல்லா, சாய்க்காதீங்க” என்று கத்தினாள். மறுபடி கூடத்துக்கே கொண்டு போனோம். கடைசியில் ஜமுக்காளத்தில் போட்டு நாலு முனையைப் பிடித்துத் தூக்கினோம். மடக்கக் கூடாது என்று சொன்ன உடம்பு அதற்குள் வில்லாக மடங்கிக் கிடந்தது. இதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. வண்டி கல்பாலத்தை எட்டுவதற்குள் அக்காவும் வயிற்றில் இருந்ததும் மவுத்தாகிவிட்டார்கள்.

அன்று நடுத்தெருவில் நின்று நான் கத்தினேன். “படிச்ச மாஸ்டர் போட்ட பிளான்! கட்டுன பொண்டாட்டியைக் காவு வாங்கிருச்சு!” தெரு முழுக்கக் கேட்டது. மச்சான் சாதிகாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

நாற்பது நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போனவர், டிராயிங் போர்டுகளையெல்லாம் சுவரோரம் அடுக்கச் சொன்னாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் சோணைமுத்து. அவரிடம் படித்த கொத்தனார், திருவாதவூர்க்காரன், பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பம். வாரத்தில் பாதி நாள் நடந்தே வந்து போவான். “காகிதத்துல வீடு போட்டது போதும், எல்லாரும் ஆத்துக்கு வாங்க” என்று மச்சான் சொன்னபோது, வாத்தியாருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் அவனும் நினைத்தானாம்.

வைகையில் தண்ணீர் எங்கே ஓடுகிறது? மணல்தானே ஓடுகிறது. அந்த மணலில், சுண்ணாம்புப் பொடியை டப்பாவில் போட்டு, முழு வீட்டையும் முழு அளவில் கோடு போடச் சொன்னார். அடிக்கு அடி. மூங்கில் நட்டு, பழைய சேலைகளைக் கட்டிச் சுவர் ஆக்கச் சொன்னார். பிறகு ஒரு கயிற்றுக் கட்டில். அதில் ஒருவன் படுக்க வேண்டும். அவன் வயிற்றின் மேல் ஒரு பித்தளைச் செம்பு, விளிம்பு வரைக்கும் தண்ணீர். நாலு பேர் கட்டிலைத் தூக்கி, உள்ளறையிலிருந்து தெரு வரைக்கும் கொண்டு வர வேண்டும். சேலை அசைந்தால் சுவரில் இடித்தது என்று அர்த்தம். தண்ணீர் வழிந்தால் பிளான் தப்பு. கோடுகளை அழித்துவிட்டு வேறு போட வேண்டும். ஒரு சொட்டு இரண்டு சொட்டு சிந்தத்தான் செய்யும். மூச்சு விடுகிற வயிறு சும்மா இருக்குமா? அதை அவர் மன்னித்துவிடுவார்.

இன்னும் என்னென்னவோ செய்தார். கண்ணைக் கட்டிவிட்டு அந்தச் சேலை வீட்டுக்குள் நடக்கவிடுவார். ஈரத்துணியை அறைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு எது முதலில் காய்கிறது என்று பார்க்கச் சொல்வார். ஒரு தடவை ஆளுக்கொரு தாளில் அவரவர் வீட்டின் பிளானை வரையச் சொல்லி, கூடவே ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டுப் பெண் எங்கே நிற்கிறாளோ அந்த இடத்தில், நிற்கும்போதெல்லாம், மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைக்க வேண்டும். சோணைமுத்து பெண்சாதி மலையம்மாள் அவனை விரட்டிவிட்டாளாம். “நான் நிக்கிற எடத்தையெல்லாம் மஞ்சப் பூசிக்கிட்டு, என்னய்யா கூத்து இது? போயி வெறகப் பொளந்து போடு!”

திங்கட்கிழமை எல்லாத் தாளையும் தரையில் பரப்பினார்கள். எல்லா வீட்டிலும் அம்புட்டு மஞ்சளும் அடுப்படி மூலையில் கிடந்தது. பெரிய கூடம் வெள்ளையாகக் கிடந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு, “நாம வீடு கட்டுனது யாருக்குப்பா?” என்றாராம்.

இந்தக் கூத்தைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடும். வெள்ளம் வந்து ஒரு நாள் சுண்ணாம்புக் கோடுகளையெல்லாம் அடித்துக்கொண்டு போனபோது, “மாஸ்டர் வீட்டை ஆறு கொண்டு போயிருச்சுடோய்” என்று கை தட்டினார்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் நானும் சொல்லிச் சிரிப்பேன். “எங்க வீட்டுக் கட்டில் வாத்தியார் ஆத்துல பிரசவம் பாக்குறாரு, போயிப் பாருங்க.” இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

அத்தனை ஊர்க்காரர்களுக்கும் வாசல் சொல்லிக்கொடுத்தவர், ராத்தங்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அந்த மறைப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். சாதிகாவை என் பெண்சாதி சைனப் வளர்த்ததால் அவர் வேறு வீடு பார்த்துப் போகவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வேண்டுதல். சாதிகா பெரியவளாகி, கல்யாணம் ஆகி, தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தானே வருவாள்? அதற்குள் அந்தச் சுவரை இடித்துவிட வேண்டும். வீடு அத்தாவுடையது. வருஷத்துக்கு ஒரு தடவை, பெருநாள் முடிந்து அத்தா நல்ல மனநிலையில் இருக்கிறபோது, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். “மாமா, அந்தச் சுவரை எடுத்துட்டு ஒரு கனத்த திரை போட்டுக்கிருவோம்.” அத்தா ஒரே பதில்தான் சொல்வார். “ராவுத்தர் வீட்டுக் கூடத்தைத் தெருவுல போறவன் பாக்கணுமா? போற உசுரு எங்க இருந்தாலும் போகும். அல்லாவோட நாட்டம்.”

1935இல் அத்தாவும் போய்ச் சேர்ந்தார். வீடு என் பொறுப்புக்கு வந்தது. மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் மச்சான் என்னிடம் வந்தார். “மாப்ள, இப்ப உன் கையில இருக்கு. எடுத்துரலாம்ல?” என்றார். எடுக்க முடியாது என்றேன். கோஷா, குடும்ப கவுரவம், அத்தா கட்டின வீடு என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதெல்லாம் சும்மா. உண்மையான காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாக நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

அந்தச் சுவர் அவர் போட்ட இடத்தில் கட்டப்படவே இல்லை. பிளானில் கதவுக்கும் சுவருக்கும் நடுவே நாலரை அடி. கொத்தனார் கல் வைத்துக் கோடு போட்ட அன்று மச்சான் பள்ளிக்கூடம் போயிருந்தார். நான் இருபது வயசு வீராதி வீரன். தெருவின் எதிர்ப்புற மூலையில் போய் நின்று, ஓரக்கண்ணால் பார்த்தேன். கூடத்தில் நடந்து போன அக்காவின் சேலைத் தலைப்பு, சுவர் வரப்போகிற கோட்டையும் தாண்டி ஒரு கீற்றுத் தெரிந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கொத்தனாரிடம், “கதவுப் பக்கமா ஒரு சாண் தள்ளி வையி. கேக்க ஆள் இல்லேன்னு நெனச்சியா?” என்று கத்தினேன். ஒரே ஒரு சாண். சாயங்காலம் மச்சான் வந்தபோது சுவர் நெஞ்சளவு வந்துவிட்டது. அளந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அத்தனை வேலையாட்கள் முன்னால் மாப்பிள்ளை மச்சினனைச் சிறுமைப்படுத்தினார் என்று வரக்கூடாது என்றுதானோ என்னவோ, “போகட்டும்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த ஒரு சாண் இருந்திருந்தால் கட்டில் உரசிக்கொண்டாவது திரும்பியிருக்கும். இது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் தெருவில் நின்று பிளான், பிளான் என்று கத்தியபோதும் அவர் அந்தச் சாணைப் பற்றி வாய் திறக்கவில்லை. சுவர் நிற்கிற வரைக்கும் அக்கா போனது அத்தாவுக்கு விதி, ஊருக்கு மச்சான் போட்ட பிளான். அதை நான் இடித்தால், யாராவது பிளானோடு அளந்து பார்த்து, அக்காவைக் கொன்றது சுவர் என்று ஆகிவிடும்; சுவர் என்று ஆனால் யார் சொல்லிக் கட்டியது என்று வரும். அதனால்தான் முடியாது என்றேன்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்றையும் செய்தேன். சாதிகாவுக்குப் பத்து வயசு இருக்கும்போது, எதற்கோ தன் அத்தாவிடம் கேட்கப் போகிறேன் என்று அடம் பிடித்தாள். எனக்கு என்ன கோபமோ, “உங்க அத்தா போட்ட சுவருதான் உங்கம்மாவைக் கொன்னுச்சு. போ, போயிக் கேளு” என்று சொல்லிவிட்டேன். பிள்ளை அன்றிலிருந்து அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டது. பெரியவளானதும் அவருக்குச் சோற்றுத் தட்டை எடுத்து வந்து முன்னால் வைக்கும், குழம்பை ஊற்றும், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடும். அவர் “என்ன கறிம்மா இன்னைக்கு?” என்று கேட்பார். பதில் வராது. குனிந்து சாப்பிடுவார். ஏன் இப்படி ஆனாள் என்று என்னிடமும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பள்ளிக்கூடத்திலும் அவருக்கு நிம்மதி இல்லை. தல்லாகுளத்து ஆபீசுக்கு வந்திருந்த ஒரு பெரிய இன்ஸ்பெக்டர் ஒரு சாயங்காலம் ஆற்றுக்கே வந்து பார்த்தாராம். சேலைச் சுவரும் கட்டிலும் செம்பும் பார்த்துவிட்டு, “இது வகுப்பா, நாடகக் கொட்டகையா?” என்று கேட்டிருக்கிறார். மச்சான் பணிவாக, “ஒரு தடவை படுத்துப் பாருங்க சார், வெளங்கும்” என்றாராம். அவர் படுப்பாரா? பரீட்சைத் தாளில் கட்டிலுக்கு மார்க் கிடையாது, பள்ளி நேரத்தில் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு வகுப்பு நாளில் காகிதம். ஞாயிற்றுக்கிழமை விருப்பப்பட்டவர்களுக்கு ஆறு. விருப்பப்பட்டவர்கள் முப்பது பேரிலிருந்து ஆறேழு பேராகக் குறைந்தார்கள். சோணைமுத்துவும் அவனியாபுரத்து மருதுவும் கடைசி வரைக்கும் வந்தார்கள்.

சோணைமுத்து தன் ஊரில் அவன் சனத்துக்கு நாலு மண்வீடு எழுப்பினான். வாசலை அகலமாக வைத்ததைப் பார்த்துப் பண்ணைக்காரர், “ஒங்களுக்கெல்லாம் எதுக்குடா இம்புட்டு வாசல்?” என்று கேட்டாராம். “கட்டில் திரும்பணும் சாமி” என்றிருக்கிறான். அவர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அந்த நாலு வீட்டிலும் ஒரு கட்டில் கிடையாது. இதை அவன் வந்து சொன்னபோது மச்சான் சிரிக்கவில்லை. “கட்டில் வந்தாலும் வரும் சோணை. வாசல் முன்னாடியே இருக்கட்டும்” என்றார். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

1942இல் சாதிகாவை உத்தமபாளையத்தில் கொடுத்தோம். அடுத்த வருஷம் சித்திரையில், ஏழாம் மாதத்தோடு அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். அவள் மெதுவாக அந்தச் சுவரைச் சுற்றி உள்ளே போனபோது மச்சான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் என் கடைக்கு வந்தார். பதினாறு வருஷத்தில் கடைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

“மாப்ள, ஒன்னு சொல்றேன், கோவப்படாதே. அந்த ஒரு சாணை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இனியும் சொல்ல மாட்டேன். தப்பு என்னோடது. அன்னைக்கே இடிச்சிருக்கணும், போகட்டும்னு விட்டுட்டேன். நான் போட்ட சுவரு, நானே இடிச்சேன்னு ஊருக்குச் சொல்லிக்கிறேன். நீ சரின்னு மட்டும் சொல்லு.”

அவர் என் காலில் விழவில்லை, அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலையாட்கள் காது கேட்டுவிட்டதோ என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். “சாணாம், மொழமாம்! என்ன பேசுறீங்க? வேலை நேரத்துல வந்து உசுரை எடுக்காதீங்க!” என்று எரிந்து விழுந்தேன். அவர் இழைத்துக் கிடந்த ஒரு நிலைக்கட்டையைத் தடவிப் பார்த்தார். “நல்ல தேக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நான் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். தெருமுனையிலிருந்து நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் சோணைமுத்து, பக்கத்தில் மருது. இந்த நாடகத்தை இப்போது தெருவுக்கே கொண்டு வந்துவிட்டார்களா என்றுதான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. கிட்டே வந்தபோதுதான் கட்டிலில் கிடந்தது மச்சான் என்று தெரிந்தது. தொப்பியை யாரோ நெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள்.

மருதுதான் அழுதுகொண்டே சொன்னான். “இன்னைக்கு ஒங்க வீட்டைத்தான் பாய் கோடு போட்டாரு. ‘எங்க வீடுப்பா இது, நான் மொதல்ல போட்ட மாதிரி’ன்னு சொன்னாரு. எப்பவும் எங்கள்ல ஒருத்தந்தான் படுப்போம். ‘வெயில் ஒரு மாதிரியா இருக்கு, இன்னைக்கு நான் படுக்கிறேன்’னாரு. செம்பை அவரே வயித்துல வச்சுக்கிட்டாரு. தூக்கிட்டு வந்தோம் பாய். கட்டில் அழகாத் திரும்புச்சு. தெருக்கோட்டுல எறக்கி வச்சுப் பார்த்தா ஒரு சொட்டுத் தண்ணி சிந்தல. ‘வாத்தியாரய்யா, ஒரு சொட்டுக்கூடச் சிந்தலய்யா’ன்னு நாங்க குதிச்சோம். அவரு எந்திரிக்கல.”

ஒரு சொட்டும் சிந்தவில்லை. மூச்சு நின்ற வயிறு அசையாது என்று அந்தப் பாவிகளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

உள்ளே கொண்டு போய்க் குளிப்பாட்ட வேண்டும், கபன் துணி போட வேண்டும். கட்டிலோடு கதவைத் தாண்டினார்கள். சுவர் முன்னால் வந்து நின்றது. இடப்பக்கம் திருப்பினார்கள். தலைமாடு இடித்தது. கால்மாடு இடித்தது. பின்னால் இழுத்து மறுபடி நுழைத்தார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம், சுவரில் மரம் இடிக்கிற சத்தம். தெருவில் நின்ற பெரியவர் ஒருவர், “மய்யித்தைக் கையில தூக்கிக்கிருங்கப்பா. என்ன இப்ப?” என்றார். வழக்கமும் அதுதான். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான் செய்வார்கள்.

சோணைமுத்து கட்டிலை விடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். “பாய், வாத்தியாரை மடக்கித் தூக்கச் சொல்லாதீங்க” என்றான். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை என்னைப் பார்த்து அதட்டவில்லை, கெஞ்சினான். நான் ஓடினேன். கடையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கட்டிலை மெல்லத் தெருவில் இறக்கி வைக்கச் சொன்னேன். முதல் குத்து நான்தான் குத்தினேன். மருது இன்னொரு பக்கம் குத்தினான். சுண்ணாம்புச் சாந்து, லேசில் விடவில்லை. என் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. ராவுத்தர் கட்டின சுவர், ராவுத்தர் கட்டின சுவர் என்று யாரோ முணுமுணுத்தார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை.

சுவரில் பாதி விழுந்தபோது தூசிக்கு அந்தப் பக்கம் சாதிகா தெரிந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவே நின்றாள். முக்காடு நழுவியிருந்ததை அவள் சரி செய்யவில்லை. கதவு வழியாகத் தெரு அவளுக்குத் தெரிந்தது. தெருவில் கட்டிலும், கட்டிலில் அவள் அத்தாவும் தெரிந்தார்கள்.

“ஏன் மாமா இடிக்கிறீங்க?” என்றாள். “அத்தா போட்ட சுவரு, அத்தாவே வந்து இடிச்சுக்கிற வேண்டியதுதானே?”

அவள் எதை நினைத்துச் சொன்னாளோ, துக்கத்தில் என்னத்தைச் சொல்கிறோம் என்று யாருக்குத் தெரிகிறது? நான் கடப்பாரையைக் கீழே போட்டேன். தெரு பார்க்க, வேலையாட்கள் பார்க்க, சொல்லிவிட்டேன். “உங்க அத்தா போட்ட சுவரு இல்லம்மா இது. அவரு போட்ட எடத்துல இருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொன்னது நான். உங்கம்மாவுக்குக் கட்டில் திரும்பாமப் போனது என்னாலதான். இம்புட்டு நாளும் அவரு வெளிய சொல்லல. நான்தான் உன்கிட்ட மாத்திச் சொன்னேன்.”

சாதிகா அழவில்லை. இடிந்த கற்களுக்கு மேலே கால் வைத்து வெளியே வந்தாள். பெருநாளன்றுகூட முகம் மறைக்காமல் வாசலைத் தாண்டாத பெண், தெருவில் அத்தனை ஆண்கள் நடுவே கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “அத்தா” என்றாள். பிறகு, “என்ன கறின்னு கேட்டீங்களே அத்தா, கேட்டுக்கிட்டே இருந்தீங்களே” என்று அவர் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். தெருவே அழுதது.

சுவரை அடிவரைக்கும் எடுத்தோம். கட்டில் ஒரு இடத்திலும் இடிக்காமல் உள்ளே போனது.

ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் சாதிகாவுக்கு வலி வந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள் மருத்துவச்சி. அவள் மாப்பிள்ளை முதல்நாள்தான் வந்திருந்தான். பக்கத்தில் ஒரு கட்டட வேலைக்காகத் தங்கியிருந்த சோணைமுத்துவும் மருதுவும் ஓடி வந்தார்கள். கட்டிலின் நாலாவது முனையைப் பிடிக்க நான் குனிந்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. “மாமா தூக்க வேணாம்.”

எதிர்வீட்டுக்காரர் வந்து பிடித்தார். சைனப் அவசரத்தில் என் கையில் ஒரு செம்பைத் திணித்தாள். வழியில் குடிக்கத் தண்ணீர். மச்சானுடைய அந்தப் பித்தளைச் செம்புதான். நான் கட்டிலுக்குப் பின்னால் நடந்தேன். அவர்கள் சுவர் இருந்த இடத்தைத் தாண்டி நேராகத் தெருவுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் பழக்கத்தில் இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு போனேன். வண்டியிடம் போய்ச் சேர்ந்தபோது செம்பில் பாதித் தண்ணீர் என் சட்டையில் இருந்தது.

தாயும் பிள்ளையும் பத்தாம் நாள் நலமாக வீட்டுக்கு வந்தார்கள். பையன். சேக் மைதீன் என்று பெயர் வைத்தாள். இப்போது அவனுக்கு நாலு வயசு. கோடைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு உத்தமபாளையத்திலிருந்து வருகிறாள். வந்தால் பத்து நாள் இருக்கிறாள். என்னைத் திட்டியதில்லை, முகம் சுளித்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைக்கிறாள். குழம்பை ஊற்றுகிறாள். “என்ன கறிம்மா இன்னைக்கு?” என்று கேட்கிறேன். பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். நான் குனிந்து சாப்பிடுகிறேன். மச்சான் இதை ஒன்பது வருஷம் சாப்பிட்டார்.